அம்மாவின் லப்டொப்பில் ஒளிந்திருந்த 14 ஜிபி



இந்த வார எபிசோட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நடுவில எங்களுக்குள்ள ஒரு சின்னச் சண்டை வந்தது. ஒருத்தர் வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "டிஸ்க் நிரம்பிப்போச்சு. டிஸ்க் மனேஜ்மென்ட்டைத் திறந்து பார்த்தா ரிக்கவரி பார்ட்டிஷன் எண்டு ஒரு துண்டு கிடக்குது. அதுக்கு டிரைவ் எழுத்தும் இல்லை, உள்ளுக்குப் போகவும் ஏலாது. 100 வீதம் வெறுமை எண்டு வேற காட்டுது. அதை அழிக்கலாமா?" மற்ற மைக்கில் இருந்தவர் மூச்சு விடாமல் சொன்னார்: "அழி. உன்ர காசு, உன்ர டிஸ்க்." நான் "பொறு" என்றேன். நேரம் முடிந்துவிட்டது, அதோடு வெட்டிவிட்டோம்.

ஏன் பொறு என்று சொன்னேன் என்பதை இங்கே எழுதுகிறேன். எபிசோட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது என்பதும் உண்மைதான்.

டோஸ்ட்ருப்பில் அம்மா வீட்டில் ஒரு லப்டொப் இருக்கிறது. 128 ஜிபி எஸ்எஸ்டி. பெட்டியில் 128 என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் காட்டுவது 119தான். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024 ஆகவும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது, களவு இல்லை. அந்த 119 இலும் ஒரு 14 ஜிபி கம்பனியின் ரிக்கவரிக்குப் போயிருந்தது. மிச்சத்தில் விண்டோஸ், ஓஃபிஸ், வட்ஸ்அப்பில் உறவுக்காரர் அனுப்பின கலியாண வீடியோக்கள், சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அம்மா பதினைஞ்சு வருசமா தட்டச்சு செய்து வைத்திருக்கிற பயிற்சித்தாள்கள். சி டிரைவின் கோடு சிவப்பாகிக் கன நாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓகூஸுக்குத் திரும்பிப் போக முதல் அதைத் திருத்திக் குடுத்திட்டுப் போவம் எண்டு இருந்தன். ரிக்கவரி பார்ட்டிஷனில் வலது கிளிக் செய்தால் 'உதவி' என்ற ஒரே ஒரு சொல்தான் வரும். அழி என்ற தெரிவே இராது. அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும். டிஸ்க்பார்ட்டைத் திறந்து, அழிக்கிற கட்டளையின் கடைசியில் 'ஓவர்ரைட்' என்று சேர்த்தால் அந்தப் பூட்டு கழன்றுவிடும். சேர்த்தேன். 14 ஜிபி வெறுமையானது.

ஆனால் சி டிரைவை நீட்டப் போனால் 'எக்ஸ்டென்ட்' சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஏனென்றால் சி டிரைவுக்கும் வெறுமையான இடத்துக்கும் நடுவில் இன்னொரு குட்டித் துண்டு, ஒரு ஜிபிக்கும் குறைவு, அதுவும் ரிக்கவரி என்று பெயர் போட்டுக்கொண்டு. விண்டோஸ் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தைத்தான் சேர்க்கும், ஒரு வீடு தள்ளி இருப்பதைச் சேர்க்காது. சரி, இதுவும் ரிக்கவரிதானே எண்டு அதையும் அழிச்சன். இப்ப கோடு நீலம். அம்மா தேத்தண்ணியோட வந்து "என்ன செய்தனி?" எண்டா. "இடம் எடுத்துத் தந்திருக்கிறன் அம்மா." எல்லாம் பத்து நிமிசம்.

நான் அழித்தது இரண்டு வேறு வேறு சாமான் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. எங்களுக்கு மெசேஜ் அனுப்பினவருக்கும் விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பெரிய துண்டு லப்டொப் செய்த கம்பனி வைத்தது. வாங்கின நாளில் இருந்த விண்டோஸ், அந்த மொடலுக்கான டிரைவர்கள், யாரும் கேட்காத ட்ரையல் சொப்ட்வெயார் எல்லாம் அதற்குள் கட்டி வைக்கப்பட்டிருக்கும். எஃப்11 போன்ற ஒரு விசையை அமத்தினால் லப்டொப் கடையில் இருந்து வந்த நாளுக்குத் திரும்பும். சின்னத் துண்டு மைக்ரோசொப்ட்டுடையது, வின்-ஆர்ஈ என்பார்கள். விண்டோஸ் எழும்பாத நேரத்தில் எழும்புகிற ஒரு குட்டி விண்டோஸ் அது. நீலத் திரையில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'அப்டேட்டைக் கழற்று', 'சேஃப் மோட்' என்று வருவதெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. 100 வீதம் வெறுமை என்று காட்டுவதை நம்பாதீர்கள். டிரைவ் எழுத்து இல்லாத பார்ட்டிஷனுக்குள் டிஸ்க் மனேஜ்மென்ட்டால் எட்டிப் பார்க்க முடியாது, அதனால் நிரம்பி வழிந்தாலும் வெறுமை என்றே எழுதும்.

நாலு மாதம் கழித்து அம்மாவின் லப்டொப் எழும்பவில்லை. முதல் நாள் இரவு ஒரு அப்டேட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, பற்றறி முடிந்துவிட்டது. காலமை நீலத் திரை, கணினியைத் திருத்த வேண்டும் என்று ஒரு வசனம், ஒரு பிழை இலக்கம். நான் ஓகூஸில் வேலைக்குப் போகிற வழியில் வீடியோ கோலில்.

"அம்மா, எஃப்11-ஐ அமத்துங்கோ."

"அமத்தினன் பிள்ளை. ஒண்டும் வரேல்ல."

"நிப்பாட்டிப் போட்டுத் திரும்பப் போட்டு, டப்டப்பெண்டு அமத்துங்கோ."

"வரேல்ல எண்டுறன்."

எப்படி வரும்? அமத்தினால் போக வேண்டிய இடத்தையே நான்தான் அழித்து வைத்திருந்தேன். மூன்று தரம் அமத்தச் சொன்ன பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது.

'வேணுமெண்டா டவுன்லோட் பண்ணலாம்தானே' என்று மைக்கில் சொன்னார்கள். அதில்தான் எனக்குக் கோபம். டவுன்லோட் பண்ண ஓடுகிற இன்னொரு விண்டோஸ் கணினி வேணும், ஒரு யூஎஸ்பி வேணும், அதில் இருந்து லப்டொப்பை எழுப்பத் தெரிய வேணும். உங்களிட்டையும் என்னிட்டையும் வேலை இடத்து லப்டொப் ஒன்று, சொந்தமாக ஒன்று, பழசு ஒன்று இருக்கும். அம்மாவிடம் ஒன்றே ஒன்று. மேல் மாடியில் இருக்கிற பெரியம்மாவிடம் ஐபாட் மட்டும். நூலகத்துக் கணினியில் இப்படியான வேலைக்கு அனுமதி தர மாட்டார்கள். இது இரண்டாவது கணினி வைத்திருக்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லுகிற ஆலோசனை.

டென்மார்க்கில் இது வெறும் வசதிக் கதையும் இல்லை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசாங்கக் கடிதங்கள் 2014 நவம்பர் 1 முதல் டிஜிட்டல் போஸ்ட்டில்தான். 2025 முடிவோடு போஸ்ட்நோர்ட் கடிதம் விநியோகிப்பதையே நிறுத்திவிட்டது. போனில் பார்க்கலாம்தான். ஆனால் அம்மாவின் வயதில் வரி அறிக்கையை ஆறு அங்குலத் திரையில் வாசித்துத் திருத்தச் சொல்லிப் பாருங்கோ.

வெள்ளி பின்னேரம் ரயில் ஏறினேன். மூன்று மணித்தியாலம் கோபன்ஹேகனுக்கு, பிறகு பி லைனில் திரும்ப டோஸ்ட்ருப். என் லப்டொப்பில் விண்டோஸ் யூஎஸ்பி ஒன்று செய்து, அம்மாவின் லப்டொப்பை அதில் இருந்து எழுப்பினேன். அது 48 இலக்கம் கொண்ட பிட்லொக்கர் சாவியைக் கேட்டது. டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது, யாரும் போடச் சொல்லவில்லை, மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்ளே போனபோது தானாகவே போட்டிருக்கிறது. (2024 இல் வந்த விண்டோஸ் 11 24எச்2-வைப் புதிதாக நிறுவினால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.) சாவி யாருடைய கணக்கில்? லப்டொப் வாங்கின நாளில் அதை அமைத்துக் குடுத்த பிள்ளையின் கணக்கில். அதாவது நான் ஜிம்னேசியம் படித்த காலத்தில் ஒரு விசர்ப் பெயரில் திறந்த ஹொட்மெயிலில். அதன் கடவுச்சொல்லைத் தேடி எடுக்க இரவு இரண்டு மணி.

சாவியைக் குடுத்த பிறகு செய்தது ஒரே ஒரு வேலை. 'கடைசி அப்டேட்டைக் கழற்று.' ஐந்து நிமிடம். லப்டொப் எழும்பிவிட்டது. அந்தத் தெரிவு நான் அழித்த சின்னத் துண்டுக்குள்ளேயே இருந்தது. அது இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமை காலமையே அம்மா போனில் என் குரலைக் கேட்டுக்கொண்டு தானாகச் செய்திருப்பா. 48 இலக்கம் கேட்டிருந்தாலும் வாசித்துச் சொல்லியிருப்பேன்.

இனி மற்ற மைக்குக்கு ஒரு விசயத்தை விட்டுக்குடுக்கிறேன். பெரிய துண்டு விசயத்தில் "உன்ர காசு, உன்ர டிஸ்க்" என்பது நியாயமான கோபம். முந்தி லப்டொப்போடு சீடி வந்தது. அதை நிறுத்திப்போட்டு அந்தச் செலவை நாங்கள் காசு குடுத்து வாங்கின டிஸ்க்குக்குள்ளேயே தள்ளிவிட்டார்கள். 2012 இல் மைக்ரோசொப்ட் 32 ஜிபி என்று விற்ற சர்ஃபேஸ் ஆர்ட்டீயில் ஆட்களுக்குப் பாவிக்கக் கிடைத்தது கிட்டத்தட்டப் பாதிதான். அந்த நவம்பரிலேயே கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். ரிக்கவரியும் அந்தக் காணாமல் போன பாதியில் ஒரு பங்கு. அந்தக் காலத்து விண்டோஸ் 8 இல் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ரிக்கவரி டிரைவ் என்ற கருவி முதலில் எல்லாவற்றையும் யூஎஸ்பிக்குக் கொப்பி பண்ணும், முடிந்த பிறகு, கடைசித் திரையில்தான், "இப்ப பார்ட்டிஷனை அழிக்கலாம்" என்று கேட்கும். நான் செய்திருக்க வேண்டிய ஒழுங்கு அதுதான்.

பெரிய துண்டின் பயன் குறைந்துகொண்டு போகிறது என்பதும் சரி. விண்டோஸ் 10 இல் இருந்து 'ரீசெட்' தனிப் படிமம் இல்லாமலே தன்னிடம் உள்ள கோப்புகளில் இருந்து விண்டோஸைத் திரும்பக் கட்டும். 2020 இல் இணையத்தில் இருந்து இறக்கிக் கட்டுகிற வழியும் வந்தது. ஐந்து வருசப் பழைய படிமத்துக்குத் திரும்பினால் ஐந்து வருச அப்டேட் ஓட வேணும். ஆனாலும் அதில் ஒரு பெறுமதியான சாமான் உண்டு, டிரைவர்கள். பொதுவான யூஎஸ்பியில் இருந்து விண்டோஸ் 11 நிறுவும்போது வைஃபைக்கான டிரைவர் இல்லையென்றால், இணையத்தில் சேர் என்று கேட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். இன்டெல் பதினோராம் தலைமுறைக்குப் பிறகு வந்த பல லப்டொப்களில் ஒரு டிரைவரைத் தனியாகக் குடுக்காவிட்டால் நிறுவல் திரையில் டிஸ்க்கே தெரியாது. ஒருவர் வெறும் பட்டியலைப் பார்த்துவிட்டு டிஸ்க் செத்துப்போச்சு என்று புதுசு வாங்கப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

சின்னத் துண்டில் நான் விட்டுக்குடுக்க மாட்டேன். 2024 ஜூலை 19 நினைவிருக்கும். க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு பழுதான கோப்பால் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. அன்றைக்கு உலகம் முழுக்க ஐடி ஆட்கள் ஒவ்வொரு கணினியாகப் போய்ச் செய்தது என்ன? வின்-ஆர்ஈக்குள் போய் அந்தக் கோப்பை அழித்தது. அதன் பிறகு மைக்ரோசொப்ட், எழும்பாத கணினி தானாகவே இணையத்தில் இருந்து திருத்தத்தை எடுத்துப் போடுகிற ஒரு வசதியை 2025 இல் விண்டோஸ் 11-க்குக் கொண்டுவந்தது. அதுவும் ஓடுவது இந்தத் துண்டில் இருந்துதான்.

மைக்ரோசொப்ட்டும் சும்மா தப்பக் கூடாது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற பாதுகாப்பு அப்டேட், ரிக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி இடம் இல்லையென்று கனபேருக்கு விழுந்து விழுந்து எழும்பியது. அந்த அளவைச் சின்னதாக வைத்தது ஆக்களா? விண்டோஸ்தான். பிறகு கட்டளைத் திரையில் ஏறி நீங்களே பெருப்பியுங்கோ என்று ஒரு அறிவுறுத்தல். 2025 ஒக்டோபரில் இன்னும் நல்ல பகிடி. ஒரு விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு வின்-ஆர்ஈக்குள் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. தீயணைப்புக் குழாய் இருக்குது, கைபிடி இல்லை. ஆறு நாளில் அவசரத் திருத்தம் விட்டார்கள்.

"அழிச்சாலும் வின்-ஆர்ஈயை சி டிரைவிலேயே வைக்கலாம்" என்று உங்களில் யாரோ எழுதப் போகிறீர்கள், தெரியும். வைக்கலாம். ரீஏஜென்ட்சி கட்டளையால் முதலில் அதை நிறுத்தினால் அதன் படிமம் சி டிரைவுக்குத் திரும்பிவிடும், துண்டை அழித்துவிட்டு மறுபடி இயக்கலாம். ஆனால் சி டிரைவில் பிட்லொக்கர் இருந்தால் இயக்க மாட்டேன் என்று சொல்லிவிடும். பூட்டின வீட்டுக்குள் உதிரிச் சாவியை வைக்க விடாது. அம்மாவின் லப்டொப் அந்த வகை. உங்கள் வீட்டில் இருப்பதும் அநேகமாக அந்த வகைதான்.

அழிக்கக் கூடிய ரிக்கவரியும் இருக்கிறது. விண்டோஸை மேல்பதிப்புக்கு மாற்றும்போது பழைய துண்டு போதாவிட்டால் அது சி டிரைவில் கொஞ்சம் வெட்டிப் புதுசு ஒன்று செய்துகொள்ளும், பழசு அநாதையாகக் கிடக்கும். விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓடு முடிந்தபடியால் இப்ப கனபேர் பெற்றோரின் லப்டொப்பை 11-க்கு மாற்றுகிறீர்கள், இரண்டு மூன்று ரிக்கவரி காணுவீர்கள். ரீஏஜென்ட்சியிடம் 'இன்ஃபோ' கேட்டால் எந்த டிஸ்க்கின் எத்தனையாவது பார்ட்டிஷன் பாவனையில் இருக்கிறது என்று சொல்லும். அதைத் தொடாதீர்கள். மற்றதுகள் சும்மா கிடக்கிறவை. ஆனால் அதில் ஒன்று கம்பனியுடைய பெரிய துண்டாக இருக்கலாம், அளவைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கோ.

இன்னொரு குழப்பம் பெயரில் இருக்கிறது. ரிக்கவரி என்றதும், தமிழில் மீட்பு என்றதும், எங்கள் சாமான் மீளும் என்று நினைக்கிறோம். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தா. கம்பனியின் துண்டு மீட்பது விண்டோஸை மட்டும். எஃப்11-ஐ அமத்தி, வாசிக்காமல் 'ஆம்' 'ஆம்' என்று போயிருந்தால் பதினைந்து வருசப் பயிற்சித்தாள்கள் போயிருக்கும். கொப்பி எடுத்து வைத்திருந்தாலும் இன்னொரு வில்லங்கம். அவற்றில் பாதி யூனிகோட் இல்லை, பாமினி எழுத்துருவில் அடித்தவை. புது விண்டோஸில் பாமினி இருக்காது. ஆனா ஆவன்னாப் பயிற்சி முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், பழுதாகிப்போச்சு என்று யாரும் அழித்துவிடுவார்கள். எழுத்துருவைத் திரும்பப் போட்டால் எல்லாம் வரும். உங்கள் வீட்டிலும் பாமினிக் கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே கொப்பி எடுங்கோ.

அப்ப இடத்துக்கு என்ன செய்கிறது? அம்மாவின் லப்டொப்பில் பிறகு ஆறுதலாகப் பார்த்தபோது, ஹைபர்னேற் கோப்பு 3 ஜிபிக்கு மேல், பழைய விண்டோஸ் ஓல்ட் கோப்புறை அதைவிடப் பெரிசு, டவுன்லோட்ஸில் ஒரே கலியாண வீடியோ நாலு தரம். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தாலே தெரியும். நான் அழித்த 14 ஐ விடக் கூட அங்கே கிடந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை, டிஸ்க்பார்ட் கறுப்புத் திரையில் தட்டுவதுதான் கெட்டித்தனமாகத் தெரிந்தது.

எங்களில் கனபேர் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இருந்தே வீட்டின் ஐடி பகுதி. கொம்யூன் கடிதம், நெம்-ஐடி, பிறகு மிட்-ஐடி, பிரிண்டர், எல்லாம் நாங்கள். அதனால் அம்மா அப்பாவின் கணினியை எங்கள் கணினி மாதிரியே கையாளுகிறோம், கேட்கிறதும் இல்லை. அம்மா அந்த ஞாயிறு "என்ன செய்தனி?" என்று கேட்டதுக்கு நான் சொன்ன பதில் முழுப் பதில் இல்லை. "இனி இது விழுந்தா நீங்கள் தனியா எழுப்ப ஏலாது, நான் வர வேணும்" என்று சொல்லியிருந்தால் அவ ஒத்துக்கொண்டிருக்க மாட்டா. 14 ஜிபி வேண்டாம், அந்த வீடியோக்களை அழி என்றிருப்பா.

அந்த வார இறுதி திரும்ப முதல் 32 ஜிபி யூஎஸ்பி ஒன்றில் ரிக்கவரி டிரைவ் செய்தேன், சிஸ்டம் கோப்புகளையும் சேர் என்ற பெட்டியில் சரி போட்டு. யூஎஸ்பியில் இருந்த பழைய எல்லாம் அழியும், கவனம். சி டிரைவில் ஒரு ஜிபி சுருக்கிச் சின்னத் துண்டையும் திரும்ப உண்டாக்கினேன், அதுக்கு ஒரு மணித்தியாலம் போனது. அழிக்க எடுத்தது பத்து நிமிசம். 48 இலக்கத்தைக் கடதாசியில் எழுதினேன். பிறகு அம்மாவை இருத்தி, லப்டொப்பை நிப்பாட்டி, யூஎஸ்பியைக் குத்தி, நான் கையை வைக்காமல் அவவையே நீலத் திரை வரைக்கும் போகச் சொன்னேன். இரண்டாம் தரம் சரியாகப் போனா.

யூஎஸ்பி இப்போ கடவுச்சீட்டுகள் இருக்கிற லாச்சியில் ஒரு என்வலப்புக்குள் இருக்கிறது. மேலே அம்மாவின் கையெழுத்தில் "லப்டொப் எழும்பாட்டி" என்று எழுதியிருக்கிறது, கீழே என்னுடைய பெயரும் அந்த விசர் ஹொட்மெயில் முகவரியும்.

அடுத்த எபிசோட்டில் மற்ற மைக் பதில் சொல்லுவார். அதற்கு முதல் உங்கள் வீட்டு லப்டொப்பில் ரீஏஜென்ட்சி இன்ஃபோ என்ன சொல்கிறது என்று பார்த்து எங்களுக்கு அனுப்புங்கோ. 'டிஸேபிள்ட்' என்று வந்தால், யார் அழித்தது என்று முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கோ.